பேரிங் எஃகா, உலோகக் கண்ணாடியா: உரசும் இடத்தில் எது தாங்கும்?

உலோகக் கண்ணாடி என்று பெயரில் கண்ணாடி இருப்பதால் வழுவழுவென்று உராய்வில்லாமல் ஓடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மெருகிட்ட எஃகுத் துண்டு மாதிரிதான் இருக்கும். உருகிய உலோகத்தை, அணுக்கள் வரிசைகட்ட நேரம் கொடுக்காமல் குளிர்வித்தால் கிடைப்பது இது. 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் தங்கம், சிலிக்கான் கலவையில் முதலில் செய்தபோது மெல்லிய சீவல்தான் வந்தது. 1993-ல் வந்த வைட்ரலாய் 1 என்ற சிர்கோனியம் கலவையை சென்டிமீட்டர் கனத்துக்கு வார்க்க முடிந்தது. இங்கே எஃகுக்கு எதிரே நிறுத்துவது அதைத்தான்.

கடினத்தன்மையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கடினப்படுத்திய பேரிங் எஃகு விக்கர்ஸ் அளவில் 700-ஐத் தாண்டும். வைட்ரலாய் ஏறக்குறைய 550. கடினத்தன்மை கூடினால் தேய்மானம் குறையும் என்பது ஆர்ச்சர்ட் விதி. ஆனால் உலோகக் கண்ணாடி ஏறத்தாழ 2 சதவீதம் வரை வளைந்து மீளும். எஃகு அதில் பாதியைக்கூட எட்டாது. மீள்குணகமும், அதாவது விறைப்பும், எஃகில் பாதிக்கும் குறைவு. அதனால் அதே சுமையில் தொடும் பரப்பு விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. ஆர்ச்சர்ட் சூத்திரத்தில் இதற்கு இடமே கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது, உரசலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது. எஃகின் மேல்தோல் உரச உரச ஓரளவு இறுகும். கண்ணாடியில் அதற்கான படிக அமைப்பே இல்லை. சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கும் மெல்லிய பட்டையில் மீளாத நெகிழ்ச்சி குவிகிறது. நெகிழ்ந்த இடம் மேலும் இளகுகிறது. தேய்ந்த தடத்தின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், சீட்டுக்கட்டைச் சரித்துவிட்டது போல உதடுகள் அடுக்கடுக்காகப் பிதுங்கி நிற்பது தெரியும். அவை உடைந்து, ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் சிர்கோனியாத் தூள். தாய் உலோகத்தைவிடக் கடினமான அந்தத் தூள் மறுபடி அதே தடத்தையே அரைக்கிறது.

வெப்பத்திலும் எஃகு பக்கம்தான் நான். கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவது எஃகைவிடப் பல மடங்கு குறைவு. வேகம் கூடினால் உரசும் நுண்முனைகளில் சூடு தங்கி, சுமார் 350 டிகிரி செல்சியஸில் தோல் இளகி இழுபடத் தொடங்கும். எண்ணெய் உண்டு, வேகம் அதிகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஃகை எடுங்கள்.

இரும்பு அடிப்படையிலான உருவற்ற (படிக அமைப்பில்லாத) பூச்சு மூன்றாவது வழி. கடினத்தில் எஃகையும் மிஞ்சும். அடி விழுந்தால் விரிசல் விடும். மணல் உரசும் இடத்துக்குப் பொருந்தும், கியர் பல்லுக்கு வேண்டாம்.

கண்ணாடி ஜெயிக்கும் இடம் கடுங்குளிர். கிரீஸ் உறைந்துவிடும் என்பதால் செவ்வாயில் ஊர்திகளின் கியர்ப் பெட்டிகளைச் சூடேற்றித்தான் ஓட்டுகிறார்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம், மைனஸ் 173 டிகிரி வரை இயங்கும்படி வடிவமைத்த கோல்ட்ஆர்ம் என்ற நிலவுக் கரத்தில் மசகே இல்லாத உலோகக் கண்ணாடி கியர்களை வைத்திருக்கிறது. மெதுவான ஓட்டம், குறைந்த சூடு: கண்ணாடியின் பலவீனம் வெளியே வர அங்கே வாய்ப்பு குறைவு.

கண்ணாடித் தட்டில் எஃகுப் பந்தை உரசவிட்டு நீங்களே சோதித்துப் பார்ப்பதானால், தட்டை மட்டும் எடை போட்டு நிறுத்திவிடாதீர்கள். பந்திலிருந்து உலோகம் பெயர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது தட்டு தேயவே இல்லை என்று தராசு சொல்லும். பந்தையும் வைத்துப் பாருங்கள்.