எவாப்போ-ரஸ்ட்: துரு போகும், குழி போகாது

பழைய துப்பாக்கிய ரெஸ்டோர் பண்ண, எவாப்போ-ரஸ்ட்ங்கற இந்த துரு எடுக்குற திரவத்த ஒரு கேலன் வாங்குனேன், அமெரிக்கால ஹார்பர் ஃப்ரெய்ட் கடைலயே கெடைக்குது. வேலை செஞ்சது ஸ்டீவன்ஸ் ஃபேவரிட்னு ஒரு சிங்கிள் ஷாட் (ஒரு தடவைக்கு ஒரே குண்டு) .22 கேலிபர், மாசசூசெட்ஸ் சிக்கோபி ஃபால்ஸ்ல செஞ்ச பழைய ரைஃபிள். வெளிய பாக்க சுமாரா இருந்துச்சு, பேரலுக்கு (குழலுக்கு) அடில இருக்குற மரத்த கழட்டுனா உள்ள ஒரே செந்துரு, ஈரம் எப்பவும் அங்க தான போய் உக்காரும்.

திரவம் சூப்பர்ங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆசிட் இல்ல, நாத்தம் இல்ல, வினிகர் மாதிரி நல்ல இரும்பையும் சேத்து அரிக்காம துருவ மட்டும் புடிச்சு இழுத்துக்குது. பிவிசி பைப்புக்கு ஒரு பக்கம் மூடி போட்டு பேரல உள்ள நிறுத்தி ஊத்துனா கொஞ்ச திரவமே போதும், ஆனா முழுசா முங்கணும், பாதி வெளிய நின்னா அந்த எடத்துல கோடு விழுந்துரும்.

இப்ப முக்கியமான மேட்டர். புளூயிங்னு சொல்ற அந்த கருநீல பூச்சும் ஒரு வகை இரும்பு ஆக்சைடு தான், அதனால அதையும் கழட்டிட்டு போயிரும், ஒரிஜினல் புளூயிங் மிச்சம் இருக்குற துப்பாக்கிய தயவுசெஞ்சு இதுல போடாதீங்க, பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க கிட்ட அதுக்கு இருக்குற மதிப்பே காலி. அப்புறம் துரு போனதும் அது அரிச்ச குழியெல்லாம் பளிச்சுனு தெரியும், ஏன்னா அங்க இரும்பே இல்ல, எந்த பாட்டிலும் அத திருப்பி தராது. அரத்த குறுக்க புடிச்சு இழுத்து சுத்தி இருக்குற இரும்ப குழியோட ஆழத்துக்கு எறக்கணும், அப்புறம் கட்டைல சுத்துன எமரி பேப்பர். வெறும் விரலால தேச்சா மேடு பள்ளம் ஆயிரும், பேரல்ல இருக்குற எழுத்தும் மழுங்கிரும். ஆழமான குழின்னா விட்டுருங்க, பேரல் சுவரு மெலிஞ்சா ஆபத்து, வெல்டிங் வச்சு குழிய நிரப்பலாம்னா அந்த சூடும் பேரலுக்கு ஆகாது, சுடுற ஐடியா இருந்தா முதல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட காட்டுங்க.

நான் சின்ன குழிகள அப்படியே விட்டு ரஸ்ட் புளூயிங் தான் பண்ணேன், அதாவது வேணும்னே லேசா துரு ஏத்தி, டிஸ்டில்டு வாட்டர்ல கொதிக்க வச்சு, கருப்பானத நாலு சைஃபர் (0000, ரொம்ப மெல்லிசான) ஸ்டீல் வூல்ல தேச்சு, திரும்ப திரும்ப. பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ்ங்கறதால குழி அவ்வளவா கண்ல படாது, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டா தான் ஒவ்வொண்ணும் காட்டிக் குடுக்கும்.

அஞ்சுக்கு நாலரை. வெளிய எடுத்ததும் கழுவி, ஹேர் டிரையர்ல காய வச்சு, உடனே எண்ணெய் போட்டுருங்க.