செரோடோனின்: ரத்தத்தில் பார்ப்பதா, 24 மணி நேரச் சிறுநீரிலா?

செரோடோனின் என்பது மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு வேதிப்பொருள். முதலில் ஒன்று: மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு சோதனைகளுமே உதவாது. உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது; ரத்தத்துக்கு வருவது பெரும்பாலும் தட்டணுக்களில் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) தங்குகிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை. முகம் சூடாகிச் சிவப்பது, தீராத வயிற்றுப்போக்கு என்று செரோடோனினைச் சுரக்கக்கூடிய கார்சினாய்டு என்ற வகைக் கட்டியைச் சந்தேகிக்கும்போதுதான் இந்தச் சோதனைகளுக்கு வேலை.

ரத்தச் சோதனை ஒரே ஊசியில் முடியும். ஆனால் தட்டணு உடைந்தால் அளவு தாறுமாறாகும். மாதிரியை உறைநிலையிலேயே அனுப்ப வேண்டும். சென்னை மே மாத வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் போகும் மாதிரியை நம்பாதீர்கள். ஃப்ளூவாக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அளவை நன்றாகவே குறைத்துவிடும்.

சிறுநீரில் தேடுவது செரோடோனின் சிதைந்து வரும் 5-எச்.ஐ.ஏ.ஏ. பெரும்பாலும் இதுதான் முதல் தேர்வு. காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை கேனில் சேருங்கள். கேனுக்குள் அமிலம் இருக்கும், குவளையில் பிடித்து ஊற்றுங்கள். ஒருமுறை விட்டுப்போனாலும் கணக்கு குறையும்.

சாப்பாடுதான் பெரிய தலைவலி. மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் கூடாது; அதாவது தக்காளி ரசமும் கத்தரிக்காய் சாம்பாரும் இல்லை! பாராசிட்டமால், சில இருமல் சிரப்புகளும் அளவை உயர்த்திக் காட்டலாம். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிறுநீர் அளவு பொய்யாகக் குறையும். அங்கே ரத்தச் சோதனை மேல். நுரையீரல், இரைப்பைக் கார்சினாய்டு கட்டிகள் சிலவற்றில் 5-எச்.ஐ.ஏ.ஏ. ஏறாமலே இருக்கும். மலக்குடல் கார்சினாய்டு கட்டியில் பெரும்பாலும் இரண்டுமே இயல்பாக வரும். ஸ்கேனும் பயாப்சியும்தான் வழி.