எட்ருஸ்கர் மொழியும் உம்ப்ரியர் மொழியும்: ஓர் ஒப்பீடு

ரோம் தலையெடுப்பதற்கு முன் இத்தாலியின் டைபர் ஆற்றின் மேற்கே எட்ருஸ்கரும் கிழக்கே உம்ப்ரியரும் வாழ்ந்தனர். கி.மு. 295இல் சென்டினம் போரில் ரோமை எதிர்த்த கூட்டணியில் இருவரும் இருந்தனர்; அதில் ரோமே வென்றது.

மொழியைப் பொறுத்தவரை இருவருக்கும் உறவில்லை. உம்ப்ரிய மொழி லத்தீனைப் போலவே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் இத்தாலிக் கிளையைச் சேர்ந்தது. எட்ருஸ்க மொழி அக்குடும்பத்துக்கே புறம்பானது. ஏஜியன் கடலிலுள்ள லெம்னோஸ் தீவில் கிடைத்த கல்வெட்டின் மொழி அதற்கு நெருங்கிய உறவாகக் கருதப்படுகிறது. ஆயினும் உம்ப்ரியர் தம் எழுத்தை எட்ருஸ்கரிடமிருந்தே பெற்றனர். எட்ருஸ்கரோ அதைக் கிரேக்கரிடமிருந்து பெற்றிருந்தனர்.

சான்றுகளின் எண்ணிக்கையில் எட்ருஸ்க மொழியே முந்துகிறது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் கிடைத்திருந்தும், அவற்றுள் பெரும்பாலானவை இறந்தோரின் பெயரையும் வயதையும் தாண்டாத கல்லறைக் குறிப்புகளே. எகிப்திய மம்மியைச் சுற்றக் கிழிக்கப்பட்டு, இன்று குரோவேஷியாவின் ஸாக்ரெபில் இருக்கும், துணியில் எழுதப்பட்ட நூலே மிக நீண்ட எட்ருஸ்கப் பனுவல். 1964இல் இத்தாலியக் கடற்கரையிலுள்ள பிர்கியில் கிடைத்த பொற்றகடுகளில், அறிஞர் படிக்கக்கூடிய ஃபினீசிய மொழியும் உடனிருந்ததால் சில சொற்களின் பொருள் உறுதிப்பட்டது.

உம்ப்ரிய மொழிக்கு, 1444இல் இத்தாலிய ஊரான குப்பியோவில் கிடைத்த ஏழு வெண்கலத் தகடுகளே பெரும் ஆதாரம். பலியிடும் விலங்கு, வேண்டுதல், ஊர் எல்லையைச் சுற்றும் முறை என ஒரு சடங்கை அவை முழுமையாக விவரிக்கின்றன. லத்தீன் உறவால் இலக்கணமும் ஓரளவு தெளிவாகிறது. எனவே சமயவாழ்வை ஒரு மக்களின் சொந்தச் சொற்களிலேயே அறிய விரும்புபவருக்கு, புகழ் குறைந்த உம்ப்ரியமே என் தேர்வு.