நிலாக்கல்லும் எரிமலைக் கண்ணாடியும்: கழுத்துச் சங்கிலி பற்றி

மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்னக் கடையில் போன மாதம் 3,500 ரூபாய் கொடுத்து இந்தச் சங்கிலியை வாங்கினேன், மேலே சந்திரகாந்தக் கல் என்கிற நிலாக்கல், கீழே கறுப்பு அப்சிடியன். சந்திரகாந்தம் நம்ம நாட்டுக் கல்தான், காலி மாவட்டத்து மீட்டியாகொடையில் கிடைப்பது. நிலவு பட்டால் இந்தக் கல் நீராய்க் கசியும் என்று பழைய பாடல்களில் வரும். அப்சிடியன் அப்படியில்லை, எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உறைந்த கண்ணாடி, இலங்கையில் எரிமலையே இல்லாததால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் அதைத் தீட்டி முகம் பார்க்கும் கண்ணாடியாக்கி வைத்திருந்தார்கள், அவர்களுடைய தெஸ்கட்லிபோகா என்ற தெய்வத்தின் பெயருக்கே 'புகையும் கண்ணாடி' என்றுதான் பொருள்.

பூரணையன்று கல்லடிப் பாலத்தில் நின்று சங்கிலியைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன், கல்லுக்குள் ஒரு நீல ஒளி மெல்ல நகர்ந்தது, கீழே வாவியிலும் அதே நிலவு. வளர்ந்து தேய்ந்து திரும்பி வருவது நிலா, உள்ளதை உள்ளபடி காட்டுவது கறுப்புக் கல், எனக்கு இரண்டும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை மாதிரி.

குறை ஒன்று: இரண்டாவது கிழமையே கொக்கி கழன்றுவிட்டது, மாற்றித் தரக் கடைக்காரத் தம்பி இரண்டு தரம் அலையவிட்டார். அப்புறம், அப்சிடியன் கண்ணாடிதான், கீழே விழுந்தால் விளிம்பு தெறிக்கும், குளிக்கும்போது கழற்றி வையுங்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நிலாக்கல் என்று ஓபலைட் கண்ணாடியையும் விற்கிறார்கள், அது மஞ்சளாகத் தெரியும்.