ஸ்டீல் தகடா, அலுமினியத் தகடா?

ஸ்கூபாவுக்கு பேக்பிளேட்–விங் (முதுகில் சிலிண்டரைத் தாங்கும் தகடும், மிதக்க வைக்கும் காற்றுப்பையும்) என்று முடிவாகிவிட்டால், அடுத்த குழப்பம் தகடு.

எடை: ஸ்டீல் சுமார் இரண்டரை கிலோ. அலுமினியம் ஒரு கிலோ பக்கம்.

தண்ணீருக்குள்: முக்கியமான விஷயம் இதுதான். அலுமினிய 80 சிலிண்டர் (சுமார் 80 கன அடி காற்று பிடிப்பது) காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். கடைசியில் ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கும். ஸ்டீல் தகடு அதை முதுகிலேயே ஈடுகட்டும், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் குறையும். ஆனால் ஸ்டீல் சிலிண்டர், மெல்லிய டைவிங் சூட், ஸ்டீல் தகடு மூன்றும் சேர்ந்தால் கழற்றிப் போட ஈயமே மிஞ்சாது. விங் கிழிந்தால் நீந்தித்தான் மேலே வர வேண்டும். அந்தக் கூட்டணிக்கு அலுமினியம்தான் சரி.

விமானப் பயணம்: அலுமினியம், யோசிக்கவே வேண்டாம்.

உழைப்பு: ஸ்டீல் கவலையில்லை. அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் தொடும் இடத்தை உப்பு அரிக்கும்; நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பட்டை கட்டுவது இரண்டுக்கும் ஒன்றே. சூட்டைப் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள். தோளில் உள்ளங்கை நுழைகிற தளர்வு வேண்டும். இறுக்கினால் கழற்றும்போது படகில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். இடுப்புக் கொக்கி சற்று வலப்பக்கம், கவட்டுப் பட்டையில் இடிக்காதபடி.

அப்புறம் விங்: வெதுவெதுப்பான கடலில் ஒற்றைச் சிலிண்டருக்கு 13 கிலோ தூக்குவது போதும். பெரிதாக விற்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள்.