அண்டாவுக்குக் கால் வைத்த நாற்காலி: ஒன்பது வருட அனுபவம்

கலிஃபோர்னியாவில் டாரன்ஸுக்குக் குடிவந்த புதிதில், இரண்டு தெரு தள்ளி நடந்த ஒரு கராஜ் சேலில் இந்த நாற்காலியை வாங்கினேன். 140 டாலர். விற்ற பாட்டியின் கணவர் 1960-களில் வாங்கியதாம். கடைசி இருபது வருடமும் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு கராஜ் மூலையில் கிடந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகுதான் நிறமே தெரிந்தது. யானைத்தோல் சாம்பல். நான் வைத்த பெயர் இல்லை, முதலில் விற்பனைக்கு வந்த மூன்று நிறங்களில் ஒன்றுக்குத் தயாரித்தவர்களே வைத்த பெயர்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைத்த கை வைத்த நாற்காலி இது. முதுகு, இருக்கை, கைகள் எல்லாம் ஒரே ஓடு, எங்கும் இணைப்பு கிடையாது. என்னுடையதற்கு நான்கு எஃகுக் குழாய்க் கால்கள். இதே ஓட்டுக்குக் கம்பிக்கால், மரக்கால், ஆடும் கால் என்று விதவிதமாக மாட்டி விற்றிருக்கிறார்கள். 1948-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் குறைந்த விலை மேசை நாற்காலிகளுக்காக நடத்திய போட்டிக்கு ஈம்ஸ் குழு அனுப்பியது தகட்டில் அழுத்திச் செய்த ஓடு. அதற்குச் செலவு அதிகம் என்பதால், கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஃபைபர்கிளாஸுக்கு வந்தார்கள். போர்க்காலத்தில் ரேடார் மூடிகளுக்குப் பயன்பட்ட பொருள் அது. ஜெனித் பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் 1950-இல் வார்த்துக் கொடுத்தது. அதன் ஆலை இருந்த கார்டினா எங்களுக்குப் பக்கத்து ஊர். என்னுடையது பிற்கால வார்ப்பு, எனவே அந்த உள்ளூர்ப் பெருமை எனக்கு இல்லை. குறைந்த விலைப் போட்டியில் பிறந்த நாற்காலி இன்று புதிதாக என்ன விலை விற்கிறது என்று ஒரு நாள் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மடிக்கணினியை மூடினேன்.

சரி, உட்கார எப்படி இருக்கிறது? மெத்தையே இல்லாமல் இவ்வளவு சுகமாக ஒரு நாற்காலி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இருக்கையின் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருப்பதால் தொடை அறுபடுவதில்லை. சாய்ந்தால் முதுகு கொஞ்சம் பின்வாங்கிக் கொடுக்கிறது. ஒரு கையில் காபியோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேச இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் இடுப்பு எழுந்திரு என்கிறது. 2020-இல் வீட்டிலிருந்து வேலை செய்தபோது இதைத்தான் அலுவலக நாற்காலியாகப் பிடிவாதமாகப் பயன்படுத்தினேன். மூன்று வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. முதுகு தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிடும், உயரம் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. அது நாற்காலியின் குற்றமில்லை, என் பிடிவாதம்.

சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: முடியாது. இரண்டு பக்கமும் கைகள் முட்டியைத் தடுக்கும். ஒரு காலை மட்டும் மடித்து உட்காரலாம், நான் அப்படித்தான் உட்காருகிறேன். வாங்குவதற்கு முன் மேசையையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் சாப்பாட்டு மேசையின் பலகைக்கு அடியில் ஒரு சட்டம் ஓடுகிறது. நாற்காலியின் கைகள் அதில் இடித்து, உள்ளே போகாமல் எப்போதும் அரையடி வெளியிலேயே நிற்கிறது. இரவில் தண்ணீர் குடிக்கப் போகும் எல்லோரும் ஒரு முறையாவது அதில் இடித்துக்கொண்டாயிற்று.

அம்மா முதல் முறை வந்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, அண்டாவைப் பாதியா வெட்டிக் கால் வச்ச மாதிரி இருக்கே, இதுக்கா காசு குடுத்தே?" என்றார். இரண்டாம் நாளிலிருந்து வேறு யாரும் அதில் உட்கார முடியவில்லை. கைகளை ஊன்றி எழுந்திருக்க வாகாக இருக்கிறதாம், சோபாவில் புதைந்துவிடுகிறாராம். ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு காலை முழுக்க அதில்தான். ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958-இல் எழுதிய அறிக்கையில் அதிகமாகப் புகழ்ந்த பொருள் சாதாரணச் செம்புதான். அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961-இல் தொடங்கியதே அந்த அறிக்கையை ஒட்டித்தான். அம்மாவிடம் சொன்னேன். "செம்பைப் பத்தி எழுதவா அவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று கேட்டார்.

இனி கோளாறுகள். இந்த ஓட்டில் துளையிட்டுக் கால்களை முடுக்கவில்லை. அடிப்பக்கத்தில் நான்கு ரப்பர் வில்லைகளைப் பசையால் ஒட்டி, அந்த வில்லைகளுக்குள் இருக்கும் மரையில்தான் கால்கள் முடுக்கப்படுகின்றன. சாயும்போது அந்த லேசான அசைவு கிடைப்பது இதனால்தான். உயிர்நிலையும் அதுவே. ஐந்தாவது வருடம், மகன் பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்க வில்லை ஒன்று ஓட்டிலிருந்து கழன்று வந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த பசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனைச் சொன்னேன்.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். இருக்கையின் மேலிருந்து துளை போட்டு போல்ட் இறக்கிவிடலாம் என்றார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். துளையைச் சுற்றி ஓடு விரிசல் விடும், உட்காரும் இடத்தில் போல்ட் தலையும் துருத்தும். நான்கு புது வில்லைகள் வரவழைத்து, அதில் ஒன்றை நானே ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, வில்லையை முதலில் காலில் முடுக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இடம் தப்பாது. பிறகு எபாக்சி பசை தடவி, ஓட்டின் மேல் கவிழ்த்து வைத்து, இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றும் உறுதியாக இருக்கின்றனவே என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

இன்னொன்று வெயில். மேற்கு ஜன்னலோரம் இரண்டு வருடம் வைத்திருந்ததில் ஒரு கையின் மேல்பரப்பு மங்கி, பிசின் தேய்ந்து, கண்ணாடி இழைகள் தலை நீட்டின. அரைக்கைச் சட்டையோடு கை வைத்தால் அரிக்கும். முகமூடியும் கையுறையும் போட்டு, நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். அப்புறம் கார் வாக்ஸ் இரண்டு பூச்சு. இப்போது வருடத்துக்கு ஒரு முறை வாக்ஸ் போடுகிறேன், நாற்காலியும் உள்பக்கச் சுவரோரம் போய்விட்டது.

நண்பர் வீட்டில் இதே வடிவத்தின் புதிய பாலிப்ரொப்பிலீன் நாற்காலி இருக்கிறது. இழை, அரிப்பு என்ற தொல்லையே இல்லை, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் புத்திசாலித்தனம். எனக்கோ என் பழைய ஓட்டுக்குள் வைக்கோல் கலைந்து கிடப்பதுபோல் தெரியும் இழைகள்தான் பிடித்திருக்கின்றன. வெளிச்சம் படும் கோணத்துக்குத் தக்கபடி அவை மாறுவது புதிய பிளாஸ்டிக்கில் வராது.

போன வாரம் வாக்ஸ் போடக் கவிழ்த்தபோது முன்பக்கத்து வில்லை ஒன்றின் விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. மீதி மூன்று வில்லைகளும் சமையலறை டிராயரில் இருக்கின்றன. அரிசி மூட்டை வாங்க வேண்டும்.