பள்ளிப் பிள்ளைகளுக்கு விமானம் காட்ட எங்கே போவது? சின்ன ஏர்போர்ட், பெரிய ஏர்போர்ட், பயிற்சிப் பள்ளி, மியூசியம்: ஓர் ஒப்பீடு

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விமானம் காட்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு நான்கு வழி இருக்கிறது. சேலம், புதுச்சேரி, தூத்துக்குடி போல, கூட்டம் குறைவான சின்ன விமான நிலையம். திருச்சி, சென்னை போன்ற பெரிய நிலையம். விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி. பெங்களூரில் உள்ள, விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல்-இன் மியூசியம். பெரியதைத்தான் முதலில் கேட்கத் தோன்றும். எங்கள் சிபாரிசு சின்ன நிலையத்துக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஏடிஆர் என்னும் சின்ன புரொப்பெல்லர் பயணிகள் விமானம் ஒன்று வந்திறங்கி, ஆட்களை இறக்கி ஏற்றி, திரும்பப் புறப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் நான்கில் மோசமான தேர்வும் அதுவே. காலியான கட்டடமும் பூட்டிய கவுண்டரும்தான் மிஞ்சும்.

பெரிய நிலையத்தில் தெரிவதும் தெரியாததும்

திருச்சியின் புது முனையம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் அழகு, சுவர் ஓவியங்களும் பார்க்க வேண்டியவை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே விமானம் என்பது கண்ணாடிக்கு அப்பால் தெரியும் மூக்கு மட்டுமே. கட்டடத்திலிருந்து விமானத்துக்கு நீளும் ஏரோபிரிட்ஜ் என்ற நடைபாலம் வந்து கதவை மறைத்துக்கொள்ளும். பெட்டி பெல்ட்டில் ஏறி ஒரு திரைக்குள் மறையும், அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று காட்ட வழியில்லை. எரிபொருள் வண்டி, தீயணைப்பு நிலையம், விமானங்களை வழிநடத்தும் டவர் எல்லாம் ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகவியல் மாணவர்களுக்கு நிலைமை வேறு. குடியேற்றம், சுங்கம், சரக்குப் பிரிவு, காய்கறியும் பூவும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விதம் ஆகியவற்றைப் படிக்கிறவர்களுக்குத் திருச்சிதான் சரி. சேலத்தில் அதெல்லாம் பார்க்க முடியாது.

சின்ன நிலையம்: ஏடிஆரைச் சுற்றி ஒரு வகுப்பறை

ஏடிஆர் 72-இன் நீளம் சுமார் 27 மீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும் அதே 27 மீட்டர்தான். புறப்படும் முந்தைய நாள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் 27க்கு 27 சிலுவை போட்டுக் காட்டினால், மறுநாள் நிஜத்தைப் பார்க்கும்போது அளவு பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே இருக்கும். நிறுவனத்தைப் பொறுத்து 70 முதல் 78 இருக்கைகள். இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு இதழ் கொண்ட புரொப்பெல்லர்.

வந்து நின்றதும் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலாவது, பயணிகள் பின்கதவு வழியாக இறங்குவார்கள். கதவின் உள்பக்கமே படிக்கட்டு. சரக்குக் கதவு முன்னால் இருக்கும். புரொப்பெல்லர் இருக்கும் பக்கத்திலிருந்து ஆட்களை விலக்கி வைக்க இந்த அமைப்பு உதவுகிறது. இரண்டாவது, வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கொம்பு வைப்பார்கள். முன்பக்கம் சரக்கு இறங்கிவிட்டு, பின்பக்கம் ஆட்கள் கூடி நின்றால் விமானம் சீசா பலகை போல வாலில் உட்கார்ந்துவிடும். எடைமையம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்றாவதுதான் பிள்ளைகளைக் குழப்புவது: வலப்பக்க எஞ்சின் சத்தம் கேட்கும், ஆனால் அதன் புரொப்பெல்லர் சுற்றாது. பெரிய ஜெட்களில் வாலில் ஒரு சின்ன துணை எஞ்சின் இருக்கும், தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவது அதுதான். ஏடிஆரில் அது இல்லை. அதற்குப் பதில் வலது புரொப்பெல்லருக்கு பிரேக் போட்டுவிட்டு எஞ்சினை மட்டும் ஓட விடலாம். இதற்கு ‘ஓட்டல் மோட்’ என்று பெயர். தரையில் மின்சாரம் தரும் வண்டி தயாராக இருந்தால் அந்த எஞ்சினையும் அணைத்துவிடுவார்கள். இரண்டில் எது நடக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

எரிபொருள் நிரப்பும்போது குழாயைப் பொருத்துவதற்கு முன் ஒரு கம்பியை விமானத்தோடு இணைப்பதைப் பார்க்கலாம். வண்டிக்கும் விமானத்துக்கும் இடையில் நிலைமின் பொறி பறக்காமல் இருக்கத்தான். சீப்பில் ஒட்டும் காகிதத் துண்டாகப் பிள்ளைகள் படித்த நிலைமின்னியல் இங்கே உயிர் காக்கும் வேலை செய்கிறது.

மூன்று ஊர்களில் எது? சேலம் நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது, 1993-இல் திறந்தது. ஓடுபாதை 1806 மீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர் மட்டுமே, கடல்மட்டத்தை ஒட்டியது. முழுச் சுமையோடு ஏடிஆர் எழும்ப, மிதமான வெப்பத்தில், கடல்மட்டத்தில் சுமார் 1300 மீட்டர் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், இறக்கைக்குத் தூக்கும் திறன் குறையும், எஞ்சினும் தளரும், அதனால் ஓட வேண்டிய தூரம் நீளும். உயரமான ஊரிலும் அதே கதைதான். 1500-க்கும் 1806-க்கும் உள்ள வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கணக்கு ஆசிரியர் அங்கேயே நின்று பாடம் நடத்தலாம்.

தூத்துக்குடி வாகைகுளம் வேறு ரகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 1351 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலை 26-இல் புது முனையத்தையும் திறந்துவிட்டார்கள். ஒரு நிலையம் வளர்வதைக் காட்ட அது நல்ல இடம். கையடக்கமாக எல்லாவற்றையும் நடந்தே பார்க்க வேண்டுமென்றால் சேலம் அல்லது புதுச்சேரி.

ஓடுபாதை எண்ணையும் விட்டுவிடாதீர்கள். சேலத்தில் 04, 22. அதாவது காந்தத் திசைமானியில் ஏறத்தாழ 40 பாகை, எதிர்முனையில் 220. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள், இரு முனைக்கும் வித்தியாசம் எப்போதும் 18. பிள்ளைகள் கையில் திசைமானி கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பேருந்து பக்கமோ இரும்பு வேலி பக்கமோ நின்று பார்த்தால் முள் தப்பாகக் காட்டும். விண்ட்சாக் என்னும் காற்றுப்பை முழுதாக விறைத்து நின்றால் காற்று ஏறத்தாழ 15 நாட், மணிக்கு 28 கிலோமீட்டர். விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், எந்த முனையிலிருந்து வரும் என்று அதைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லவைக்கலாம்.

தீயணைப்பு வண்டி: இதில் சின்னதே ஜெயிக்கிறது

எவ்வளவு தீயணைப்பு வசதி வேண்டும் என்பதை வந்திறங்கும் விமானத்தின் நீளம், உடல் அகலம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 27 மீட்டர் ஏடிஆர் 72 ஐந்தாம் வகை, குறைந்தது ஒரு வண்டி. 37 மீட்டரைத் தாண்டும் ஏர்பஸ் ஏ320 ஆறாம் வகை, இரண்டு வண்டி. ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் நுரை பாய வேண்டும் என்பது சர்வதேச விதி. சின்ன நிலையத்தில் அந்த வண்டியின் அருகே நிற்கலாம், ஹெல்மெட் போட்டுப் பார்க்கலாம், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வீரர்களுக்கு நேரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் பீய்ச்சிக் காட்டச் சொல்லி விமானம் வருவதற்கு முன் கேட்காதீர்கள். தொட்டி காலியான வண்டி கணக்கில் சேராது. நிரப்பி முடிக்கும் வரை விமானத்தை ஏற்க முடியாமல் போகும். விமானம் கிளம்பிப் போன பிறகு கேட்டால் மறுப்பதற்குக் காரணம் குறைவு.

பயிற்சிப் பள்ளி

அட்டவணை விமானம் கிடைக்காத நாளில் இதுவே முதல் தேர்வு. நான்கு இருக்கை செஸ்னா 172 போன்ற விமானங்கள்தான் இங்கே அதிகம். இறக்கை அகலம் 11 மீட்டர். கைக்கெட்டும் உயரத்தில் எல்லாம் இருக்கும்: சுக்கான், எய்லரான் என்னும் இறக்கை ஓரத்து அசையும் பலகை, சக்கரம். விமானி ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கித் தெரியும். இந்த விமானங்களுக்கான பெட்ரோலின் நீல நிறம் சாயம்தான், வகை மாறாமல் இருக்கப் போடுவது. ஏடிஆர் குடிக்கும் மண்ணெண்ணெய் வகைக்கு அந்த நிறம் கிடையாது. இந்த ஒரு செயல்முறைக்காகவே போகலாம்.

ஆனால் ஒரே நேரத்தில் 15 பிள்ளைகளுக்கு மேல் விமானக் கொட்டகைக்குள் விடாதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது. பற்றவைக்கும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, அதில் பழுது இருந்தால் கையால் லேசாகச் சுற்றினாலே எஞ்சின் உதைக்கும். இதைக் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு: வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல், 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் என்பதைப் பயிற்சியாளர் வாயிலாகவே கேட்டால் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிப்பார்கள்.

மியூசியம்

எச்ஏஎல் மியூசியம் 2001-இல் தொடங்கியது. இந்தியாவில் உருவாகி 1961-இல் முதலில் பறந்த மாருத் போர்விமானம், அஜீத், மிக்-21 எல்லாம் அங்கே நிற்கின்றன. அனுமதிக்கு அலைய வேண்டாம், படம் எடுக்கலாம், மழை வந்தால் உள்ளே ஒதுங்கலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் தேர்வு இதுவே. வெயிலில் காத்திருக்கும் பொறுமை அந்த வயதில் இருக்காது. குறை ஒன்றுதான்: எதுவும் நகராது. சேலத்திலிருந்து போய்வரவே எட்டு மணி நேரம் பேருந்தில் கழியும்.

சின்ன நிலையத்துக்குப் போவதென்றால்

நிலைய இயக்குநருக்குக் கடிதம், பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓட்டுநர் பெயர்ப்பட்டியல், அடையாளச் சான்று நகல்கள், பேருந்து எண் எல்லாம் குறைந்தது ஒரு மாதம் முன்பே போய்ச் சேரட்டும். பட்டியலில் இல்லாதவரைக் கடைசி நேரத்தில் சேர்க்க முடியாது என்பதைப் பெற்றோர் சங்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் விமான அட்டவணை மாறும் நாட்கள். அனுமதி வாங்கிய பிறகு நேரம் மாறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளை மறந்ததால்தான்.

48 பிள்ளைகள் என்றால் 12 பேராக நான்கு அணி: முனையம், தீயணைப்பு, வானிலை அறை, டவர். டவர் உச்சியில் ஆறு பேருக்கு மேல் நின்றால் நெரிசல், வேலையும் கெடும். அதனால் அந்த அணியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். விமானம் இறங்க 15 நிமிடம் இருக்கும்போது எல்லா அணியும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். சுழற்சி முடியாவிட்டாலும் பரவாயில்லை, மிச்சத்தைப் பிறகு தொடரலாம்.

பையெல்லாம் பேருந்திலேயே இருக்கட்டும். ஜியோமெட்ரி பெட்டியின் கவராயமும் கத்தரிக்கோலும் சோதனையில் சிக்கி 20 நிமிடத்தைத் தின்றுவிடும். திசைமானி, நோட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிய பென்சில் போதும். தளர்ந்த தொப்பி, ஹேர்பின், தலையில் வைத்த பூ எதுவும் வேண்டாம். காற்றில் பறந்து விமானம் நிற்கும் தளத்தில் விழுந்தால் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டை நிலைய வளாகத்தில் பிரிக்காதீர்கள். சிந்திய சோற்றுக்கு வரும் காக்கையும் பருந்தும் விமானத்துக்கு நிஜமான ஆபத்து. தளத்துக்கு அருகே நிற்கும்போது காதில் வைத்துக்கொள்ள ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு, ஒரு லிட்டர் தண்ணீர். அனுமதிக் கடிதத்தில் படம் எடுப்பது பற்றித் தனியாக எழுதி வாங்காவிட்டால் செல்போன்கள் ஆசிரியர் பையிலேயே இருக்க வேண்டும்.

விமானம் ரத்தாகிவிட்டால் இரண்டு மணி நேரம் காத்திருந்து பிள்ளைகளைச் சோர்வடைய விடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் செயல்முறையை அப்போது தாராளமாகக் கேட்கலாம். டவரையும் பார்த்துவிட்டு, இன்னொரு தேதியை இயக்குநரிடம் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.